பேசும் வெர்னியர்

கிஷோரின் கை பொய் சொல்லாது. கண்தான் அவன் காலை வாரிவிட்டது. சர்க்கரை வியாதி பார்வையை மங்கவைத்த பிறகு, இரும்பை அளக்கும் டிஜிட்டல் வெர்னியரின் குட்டித் திரையில் எண்கள் இருந்த இடத்தில் வெறும் மூட்டம்தான். அவன் வேலை பார்த்த மந்தைவெளி லேத் பட்டறை முதலாளி கரீமுல்லா நல்ல மனிதர். அதனால்தான் துரத்திவிடாமல், திங்கட்கிழமையிலிருந்து வாசலில் காவலுக்கு உட்காரச் சொல்லிக் காக்கிச் சட்டையும் தைத்து வைத்தார். அந்தக் கருணைதான் கிஷோருக்குத் தாங்கவில்லை.

அவன் மனைவி ஜெனிதா பெசன்ட் நகரில் செல்போன் ரிப்பேர் பார்ப்பவள். "கண்ணு தெரியலன்னா இன்னா? காது நல்லாத்தானே கீது," என்றாள். வெர்னியரின் பக்கவாட்டு மூடியைத் தள்ளினாள். உள்ளே நாலு செப்புப் புள்ளிகள். நூல் மாதிரி ஒயர்களை அதில் பற்றவைத்து, தீப்பெட்டி அளவுக் குட்டிக் கம்ப்யூட்டரான மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் சேர்த்தாள். வெர்னியரின் மின்சாரம் போர்டுக்குப் போதாதென்று நடுவே டிரான்சிஸ்டர்களை வைத்தாள். போர்டிலிருந்து பழைய லேப்டாப்புக்கு ஒரு கேபிள்; வெர்னியர் காட்டும் அளவை அது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இப்படியொரு கெட்டிக்காரி தனக்கு எப்படி வாய்த்தாள் என்று கிஷோர் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தான்.

ஆனால் லேப்டாப் உளறியது. சாவி, சீப்பு, கரண்டி, எதை அளந்தாலும் லட்சக்கணக்கில் கத்தியது. ஞாயிறு சாயங்காலமும் ஆகிவிட்டது. ஜெனிதாவுக்கு அழுகை முட்டியது.

"குடு இங்க," என்று கிஷோர் வெர்னியரை வாங்கினான். எதையும் அளக்குமுன் அதன் வாயை மூடிப் பூஜ்யம் வைப்பது அவன் பழக்கம். கட்டைவிரல் தானாகப் பித்தானை அழுத்தியது. லேப்டாப் அதுவரை சொன்னதிலேயே பெரிய எண்ணைச் சொன்னது.

ஜெனிதா துள்ளி எழுந்தாள். "ஒண்ணுமே இல்லாதப்போ எல்லாத்தவிட ஜாஸ்தி சொல்லுதுய்யா! வெர்னியரு எண்ண ஒண்ணும் பூஜ்யமுமாத்தான் அனுப்புது; இந்த டிரான்சிஸ்டரு ஒண்ண பூஜ்யமா, பூஜ்யத்த ஒண்ணா திருப்பிக்கினு கீது!"

புரோகிராமில் அதைத் திருப்பிப் போட்டாள்.

"பூஜ்யம்," என்றது குரல், சமர்த்தாக.

திங்கட்கிழமை கரீமுல்லா தான் கடைந்த தண்டு ஒன்றை நீட்டினார். "பன்னண்டு மில்லி இருக்கணும். சொல்லு பாக்கலாம்."

கிஷோர் வெர்னியரின் வாயை மூடினான், பூஜ்யம் வைத்தான், தண்டைக் கவ்விப் பிடித்தான்.

"பன்னிரண்டு புள்ளி பூஜ்யம் ஒன்பது," என்றது பக்கத்தில் வைத்திருந்த லேப்டாப்.

கரீமுல்லா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெர்னியர் திரையைக் குனிந்து பார்த்தார். அதேதான்.

"இன்னும் கொஞ்சம் சீவணும் பாய்," என்றான் கிஷோர்.

கரீமுல்லா வெடித்துச் சிரித்தார். பிறகு கொக்கியில் தொங்கிய காக்கிச் சட்டையை எடுத்துக் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டார்.

"குடு, சீவி எடுத்தாறேன். திரும்ப அளந்து சொல்லு."