நீலப் பூச்சு வைத்த சுவிட்ச்

எதிர்வீட்டு க்ளெண்டா தன் ட்ரோனை நாற்பத்தோராவது முறையாகத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்ததை என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். வேலையற்று எண்ணிக்கொண்டிருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பாத்திரம் கழுவும் தொட்டி அங்கேதான் இருக்கிறது. க்ளெண்டா முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி, இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டு ஓய்வு பெற்றவள். எங்கள் ஒஹாயோவில் மற்றவர்கள் இந்த வயதில் ஃப்ளோரிடாவுக்குக் குடிபோவார்கள். இவள் பந்தய ட்ரோன் வாங்கினாள். ரிமோட்டின் சுவிட்சுகளுக்கு நகப்பூச்சு வேறு: மோட்டாரைக் கிளப்பச் சிவப்பு, தொலைந்தால் கீச்சிட வைக்க மஞ்சள், கவிழ்ந்ததை நிமிர்த்த நீலம். நீலத்தைத் தட்டிக் குச்சியைத் தள்ளினால் ஒரு பக்க மோட்டார்கள் எதிர்ப்புறம் சுற்றி, மல்லாந்த வண்டு போல ட்ரோன் துள்ளிப் புரளும்.

"பறக்கறத விட விழறதத்தான் அதிகம் பழகற போல," என்றேன், வேலிக்கு இந்தப் பக்கமிருந்து.

"விழாம பறக்க எனக்கு இன்னும் வரல," என்றாள். "சனிக்கிழமை வர்றியா? மூணு சுத்து முடிச்சாத்தான் ட்ரோன் சங்கத்துல இந்த சீசனுக்குச் சேத்துக்குவாங்க. ஒரே வாய்ப்பு."

அவள் கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன்.

சந்தை மைதானத்தில் ட்ரோன்கள் நுழைந்து போக நுரைக்குழாய் வளைவுகள் நட்டிருந்தார்கள். சங்கத் தலைவன் கர்டிஸ் கண்ணை மூடும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ட்ரோனின் கேமரா காட்டும் படத்தைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு மகாபாவம் உண்டு: ஒருவர் பறக்கும்போது இன்னொருவர் தன் ட்ரோனுக்குப் பேட்டரி மாட்டுவது. இருவரும் ஒரே சேனலில் இருந்துவிட்டால், உன் படம் அவன் கண்ணுக்குப் போய்விடும். செய்தவரை அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். க்ளெண்டாவுக்கு இது மனப்பாடம். ஆனாலும் பதற்றத்தில், சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்க மாட்டிவிட்டாள்.

"என் கண்ணுல எதுக்கு ஆப்பிள் பை தெரியுது?" என்றான் கர்டிஸ்.

அவன் ட்ரோன் சோளக்காட்டுக்குள் பாய்ந்தது. எல்லோரும் மேசையில் நான் சுட்டுக் கொண்டுவந்து வைத்திருந்த ஆப்பிள் பை பலகாரத்தைப் பார்த்தார்கள். பிறகு அதற்கு நேரெதிரே கேமராவை நீட்டிக்கொண்டிருந்த க்ளெண்டாவின் ட்ரோனை.

"நான்தான் மாட்டினேன். சேனலையும் மாத்தாம விட்டுட்டேன்," என்றாள் க்ளெண்டா. சொல்லிவிட்டுத் தாங்குகோலை ஊன்றிச் சோளக்காட்டுக்குள் போனாள். கர்டிஸின் பேட்டரி கழன்றுவிட்டதால் கீச்சொலியும் இல்லை. இருபது நிமிடம் கழித்து, கையெல்லாம் சோளத்தோகை கீறிய கோடுகளோடு, அவன் ட்ரோனைக் கொண்டுவந்து நீட்டினாள். "ஒரு விசிறி ஒடிஞ்சிருக்கு. நான் மாத்திக் குடுத்துடறேன். இப்ப வீட்டுக்குக் கிளம்பறேன்."

கர்டிஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மிஸஸ் ஹோஸ்டெட்லர், மூணாங்கிளாஸ்ல உங்க பஸ் பூரா வாந்தி எடுத்தேன். நடுவழில இறக்கியா விட்டீங்க?"

"இறக்கிவிட்டிருக்கணும். ஒரு வாரம் நாறிச்சு."

"போய் சேனலை மாத்துங்க," என்றான்.

நான் ஒரு துண்டு ஆப்பிள் பையை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் நின்றேன். முதல் சுற்று, கிழவி பேருந்து ஓட்டுவது போலவே நிதானம். இரண்டாவதில் கொஞ்சம் வேகம் வந்தது. உதட்டோரம் சிரிப்பும் வந்தது. மூன்றாவதில் கடைசிக்கு முந்தைய வளைவின் விளிம்பில் இடித்து, ட்ரோன் புல்லில் மல்லாந்தது. யாரும் தொடக்கூடாது. அவளேதான் எழுப்ப வேண்டும்.

கண்ணாடிக்குள் அவளுக்கு என்ன தெரிந்திருக்கும்? தலைகீழான புல்லும், அதற்குக் கீழே வானமும். கட்டைவிரல் தடவாமலே நீலத்தைக் கண்டுபிடித்தது. ட்ரோன் துள்ளியது, மறுபடி மல்லாந்தது. இன்னொரு துள்ளல். நான் எண்ணவில்லை, சத்தியமாக.

விசிறிக் காற்றில் சுற்றியிருந்த புற்கள் வட்டமாகப் படுத்தன. நடுவில் அது நிமிர்ந்து, ஒரு கணம் நடுங்கி, முழங்கால் உயரத்துக்கு எழுந்து, கடைசி வளைவின் பக்கம் மூக்கைத் திருப்பியது.