மெஹராஜ் பேகம் வீட்டு வாழை

கஜா புயல் ஓய்ந்து ஜனங்கள் வெளியே வந்து பார்த்தபோது மன்னார்குடிக்குக் கிழக்கே தென்னை, மா, கரண்ட் கம்பம் என்று நின்றதெல்லாம் படுத்துக் கிடந்தது. வாய்க்கால் தெருவில் மெஹராஜ் பேகம் வீட்டுக் கொல்லை வாழை மட்டும் ஓர் இலைகூடக் கிழியாமல் தாரோடு நின்றது. அது அந்த மரத்தின் நாலாவது தார். வாழை என்றால் ஒரு தார், அப்புறம் வெட்டித் தள்ளவேண்டியதுதான். இதுவோ தாரை எடுத்த மறுவாரமே அதே மரத்தில் அடுத்த பூவைத் தள்ளும். வெட்டின இடத்தில் கறை வடியாது, பால் சொட்டும். துணியில் பட்டால் ஒரு அலசு அலசினால் போச்சு. பக்கத்து வீட்டுப் பஞ்சநதம் குத்தகை நிலத்தில் வாழை போட்டு அத்தனையும் புயலுக்குக் கொடுத்தவர். வேலி ஓரமாக வந்து என்ன உரம் போடுறீங்க என்று கேட்டார். சாம்பல்தான் என்றாள் மெஹராஜ் பேகம். அவரும் நாலு கூடை சாம்பல் கொட்டிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

என்ன உரம் என்று மருமகள் தஹ்மீனாவுக்குத் தெரியும். அவள் தலைச்சனைச் சுமந்தபோது புருஷன் ஃபாஜில் ஷார்ஜாவில் இருந்தான், வீட்டில் மாமியார் சொன்னதுதான் சட்டம். நர்சம்மா கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைத் தின்றால் பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்று மெஹராஜ் பேகம் அதை அப்போது கன்றாக இருந்த அந்த வாழைக்கு அடியில் புதைத்தாள். அதிகம் சாப்பிட்டால் பிள்ளை பெருத்து ஆபரேஷனில் கொண்டுபோய் விடும் என்பதால் முட்டையும் கீரையும் அங்கேயே போயின. பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்ததும், முதலில் ஊறிய மஞ்சள் பால் கெட்ட பால், கிண்ணியில் பீய்ச்சிவிடு என்றாள். அதையும் கால் படுகிற இடத்தில் கொட்டக்கூடாது, எறும்பு மொய்த்தால் மார் வற்றிவிடும், பச்சை மரத்தடியில்தான் ஊற்றவேண்டும். வாழைக்கு ஊற்றினார்கள். பிள்ளைக்குச் சேனை வைத்தார்கள். நல்ல ராசிக்காரர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தால் அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. அதே தெரு மீரா உசேன் சேனை வைத்த பிள்ளைகள் எல்லாம் விசா கிடைத்துப் பறந்துவிட்டதாகப் பேச்சு, அதனால் அவரையே கூப்பிட்டார்கள். வெள்ளைப் பால் இறங்கும்வரை அந்தச் சர்க்கரைத் தண்ணீரே ஆகாரம் ஆயிற்று. சித்தீக் என்று பெயரிட்ட பிள்ளைக்கு வயிறு போக ஆரம்பித்தது, நாற்பது நாள் கழியுமுன்னே மௌத்தாகிவிட்டான். ஐயோ, அந்த வீடு அழுத அழுகை! அல்லாஹ் கொடுத்தான், எடுத்துக்கொண்டான் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்கள். அந்த வாரமே கன்று பூத் தள்ளியது.

புயலுக்கு அடுத்த நாள், ஊரெல்லாம் ஓடு பொறுக்கிக்கொண்டிருக்கையில், தஹ்மீனா கொல்லையில் அந்த மரத்தை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மரத்தின் மேல் கோபமில்லை, மாமியார் மேல்கூட அவ்வளவாக இல்லை, வாயைத் திறக்காமல் இருந்த தன் மேல்தான். ஃபாஜில் லீவில் வந்துபோய் மறுபடி உண்டானபோது அவள் வேறு பொம்பளையாக இருந்தாள். இந்தப் பிள்ளை நிற்கவேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. அங்கன்வாடிக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்டாள். மாத்திரையை டீயோடு போடாமல் எலுமிச்சை ஜூஸோடு போட்டாள், அதுவும் வாழை முன்னால் நின்று, இனி உனக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டு. மரம் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளை கறுக்கப்போகிறது என்று மெஹராஜ் பேகம் தெருவெல்லாம் புலம்பினாள்.

மன்னார்குடி ஆஸ்பத்திரியில் பெண்குழந்தை பிறந்தது, ஆசியா என்று பெயர். நர்ஸ் அந்தப் பக்கம் நகர்ந்ததும் மெஹராஜ் பேகம் முந்தானைக்குள்ளிருந்து கிண்ணியையும் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பியையும் எடுத்தாள்.

"மொதப் பாலு ஆவாதும்மா. பீய்ச்சிடு. மீரா உசேன் நானா வெளிய நிக்கிறாரு, சேனைய வச்சிரட்டும்."

தஹ்மீனா பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டாள். "கோவிச்சுக்காதீங்க மாமி. மாத்திரைய வாழைக்குப் போட்டோம், முட்டைய வாழைக்குப் போட்டோம், எம்பாலையும் வாழைக்கு ஊத்தினோம். புயலுக்கே அது சாயல. எம்புள்ளதான் நிக்கல. இந்தத் தடவை புள்ளைக்கே குடுக்குறேனே."

வார்டே கேட்டுக்கொண்டிருந்தது. மெஹராஜ் பேகம் ஐந்து பெற்று இரண்டை வளர்த்தவள். போன மூன்று பேரின் முகமும் அப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது. கிண்ணியைப் பார்த்தாள், பேத்தியைப் பார்த்தாள், சர்க்கரைத் தண்ணீரைத் தானே மடக்கென்று குடித்துவிட்டாள். சுகர் வச்சுக்கிட்டு என்னம்மா பண்றீங்க என்று நர்ஸ் ஓடிவந்து சத்தம் போட்டாள். அதைக் காதில் வாங்காமல் வெளியே போய், நீங்க துஆ மட்டும் செஞ்சிட்டுப் போங்க நானா, போதும் என்றாள். மீரா உசேன் கைகளை ஏந்தி நிறைவாகவே துஆ செய்தார். உள்ளே ஆசியா மஞ்சள் பாலைச் சப்புக்கொட்டிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குக் கொல்லையில் இருந்த தார் முற்றிய தார். நாளைக்கே பழுக்கவேண்டியது. பழுக்கவில்லை. ஆறு மாசம் அப்படியே பச்சையாகத் தொங்கியது, காக்காகூடக் கொத்தவில்லை. இந்த ஆறு மாசமும் தாய்ப்பால் தவிர எதுவும் பிள்ளை வாயில் போகாமல் மெஹராஜ் பேகம்தான் காவல். புதுசாய்ச் சேர்ந்தவர்களுக்குத்தானே வேகம் அதிகம்! சித்திரை வெயிலில், பச்சைப் புள்ளைக்கு ஒரு சொட்டுத் தண்ணியாவது காட்டுங்களேன் என்று வந்தவர்களை, பால்லயே தண்ணி இருக்கு, போய் உங்க வேலையைப் பாருங்க என்று விரட்டினாள். தெருவில் யார் உண்டானாலும் மாத்திரை போட்டியா என்று வழிமறித்தாள். அவளுக்குப் பயந்தே பாதிப் பேர் போட்டார்கள்.

ஆறு மாசம் முடிந்த காலையில் தார் முழுக்க ஒரே சமயத்தில் மஞ்சளாகிவிட்டது. மெஹராஜ் பேகம் கையை சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு பழத்தை நைய மசித்து, கிண்ணியை மருமகளிடம் நீட்டினாள். அதே கிண்ணிதான். தஹ்மீனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதுகொண்டேதான் ஊட்டினாள். "சாப்புடும்மா. ஒன் அண்ணன் பங்கு."

ஆசியா முதல் வாயைத் துப்பினாள், இரண்டாவதை விழுங்கினாள், மூன்றாவதற்குத் தானே வாயைத் திறந்தாள். கிண்ணி காலியானபோது, புயலுக்கு அசையாத மரம் பக்கத்திலிருந்த கோழிக்கூண்டை நசுக்காமல் விலகி மெதுவாகத் தரையில் படுத்தது. யாருக்கும் அது ஆச்சரியமாக இல்லை. பஞ்சநதம் அரிவாளோடு வந்து மட்டையை உரித்துத் தண்டை எடுத்தார், பக்கக் கன்றைக் கேட்டு வாங்கித் தன் கொல்லையில் நட்டார். அது ஒரே ஒரு தார்தான் போட்டது. மரம் படுத்த அன்று மத்தியானம் இரண்டு வீட்டிலும் வாழைத்தண்டுக் கூட்டு.