கறுப்புக் கட்டம்

தன் பரம்பரையில் ஒரு பைத்தியமாவது இருந்திருக்கக் கூடாதா என்று முனியப்பன் ஏங்கினார். இப்படியும் ஒரு மனுஷனுக்கு ஆசை வருமா? அவருக்கு வந்தது.

மகன் கிரண் மனநோயோடு இரண்டு வருடம் மல்லாடி, போன தை மாதம் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். இந்த நோய் ரத்த வழியில் எப்படி இறங்குகிறது என்று ஆராயும் சங்கமித்ரா, அன்று ஆஸ்டின் டவுனில் இருந்த அவர் வீட்டுக்கு வந்து ஒரு பெரிய தாளில் பென்சிலால் அவர்கள் வம்சத்தை வரைந்தாள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். நோய் கண்டவர் என்றால் கறுப்பாக்குவாள்.

"உங்க அப்பாவுக்கு இந்த மாதிரி ஏதாவது இருந்துச்சா அங்கிள்?"

"இருந்துச்சும்மா. பேஜார் ஆயிட்டா நாலு நாள் பேசமாட்டாரு. தனியா சிரிப்பாரு."

வாய் கூசாமல் அளந்தார். அப்பா, தாத்தா, சித்தப்பா என்று மூன்று கட்டங்கள் கறுத்தன. செத்தவர்கள் வந்து மறுக்கவா போகிறார்கள்? பல மாதங்களுக்குப் பிறகு அவருக்கு மூச்சு சீராக வந்தது.

ஆனால் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் தனியாகக் கேட்டுச் சரிபார்ப்பது சங்கமித்ராவின் வேலைமுறை. சமையலறையில் இருந்த அவர் மனைவி காந்தாவிடம் போய்க் கேட்டாள். நடுவில் வெறும் துணித்திரைதான். எல்லாம் அவர் காதில் விழுந்தது.

"யாரு, எங்க மாமனாரா? தங்கமான மனுஷன் கண்ணு. கடைசி வரைக்கும் தெளிவா இருந்தாரு. அவங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணும் கெடையாது."

திரும்பி வந்தவள் கோபப்படவில்லை. "ஏன் அங்கிள் அப்படிச் சொன்னீங்க?"

"கிரண் போன அன்னிக்குக் காலையில மாத்திரையத் தட்டிவிட்டான். 'எங்கயாவது போய்ச் செத்துத் தொலைடா'ன்னுட்டேன். காந்தா அப்ப வேலைக்குப் போயிருந்த நேரம், அவளுக்கு இது தெரியாது. ரத்தத்துலயே இருந்துச்சுன்னா... என் வாயால போகலன்னு ஆயிடும்லம்மா?"

"ஒரு வார்த்தையால மட்டும் யாரும் சாகறதில்ல அங்கிள். வம்சத்துல யாருக்கும் இல்லாமலும் இந்த நோய் வரும்."

ஆறுதல் என்று புரிந்தது. மனதில் ஒட்டவில்லை. அவள் எடுத்த ரப்பரைத் தானே வாங்கித் தாத்தாவை அழித்தார், சித்தப்பாவை அழித்தார். அப்பாவின் கட்டத்தில் ரப்பரை வைத்தபோது திரை விலகியது. காந்தா அழுதுகொண்டு நின்றாள்.

"எங்க மாமனாருக்கு இருந்துச்சு கண்ணு. எனக்குத்தான் மறந்துபோச்சு. அப்படியே எழுதிக்கோ."