மலைமேல் கிடைக்கும் புருஷன்

பிரிக்ஃபீல்ட்ஸில் லிஃப்ட் இல்லாத அடுக்குமாடியில் நாலாவது மாடியில் குடியிருக்கும் தம்புசாமி, வீட்டில் ஒரு துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போடாத மனுஷர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்றால் முழு ஓய்வு என்று எடுத்துக்கொண்டார். குடித்த கிளாஸ் குடித்த இடத்திலேயே கிடக்கும். சீனி டப்பா எங்கே என்று கேட்டால், நம் வீட்டில் சீனி டப்பா உண்டா என்பதுபோல முழிப்பார்.

ஆனால் மலைக்குப் போய்விட்டால் ஆளே வேறு. அவர் தலைவராக இருக்கும் மலைமக்கள் அன்புச் சங்கம், மாதம் ஒருமுறை கோலகுபு பக்கத்து மலையில் இருக்கும் ஒராங் அஸ்லிப் பழங்குடியினரின் கம்பம், அதாவது கிராமம், ஒன்றுக்குப் போய்த் தங்கித் தொண்டு செய்துவிட்டு வரும். போய் வந்த கையோடு ஃபேஸ்புக்கில் படங்கள் வரும். தம்புசாமி விறகு பிளக்கிறார். தம்புசாமி மரவள்ளிக் கிழங்கு உரிக்கிறார். தம்புசாமி யார் வீட்டுப் பானையையோ சாம்பல் போட்டுத் தேய்க்கிறார். பார்த்த உறவுக்காரர்கள் எல்லாரும் அவர் மனைவி புனிதாவுக்குப் போன் போட்டு, "நீ கொடுத்து வெச்சவ லா" என்றார்கள். புனிதாவுக்கு வயிறெரிந்தது. எரியாமல் வேறு என்ன செய்யும்?

அவளுக்கு முட்டி தேய்ந்துபோய் ரொம்ப நாளாயிற்று. மீன் வாங்க இறங்கினால், ஏறி வருவதற்குள் கண்ணில் நீர் வந்துவிடும். ஒருவழியாக ஆஸ்பத்திரியில் அடுத்த மாதம் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஆறு வாரம் படியேறக் கூடாது, அடுப்படியில் நிற்கக் கூடாது, ஆள் ஒருவர் கூடவே இருந்து கஞ்சி கொடுத்துக் கைபிடித்து நடத்த வேண்டும். மகள் சிங்கப்பூரில் கைக்குழந்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். மிச்சம் இருப்பது கட்டின புருஷன்தான்.

"அடுத்த மாசமா?" என்றார் தம்புசாமி, பேப்பரை இறக்காமல். "அடுத்த மாசம் சங்கத்தோட பெரிய முகாம். அந்த ஜனங்க நம்மள நம்பி இருக்காங்க. நீ வேணும்னா ஆபரேஷன கொஞ்சம் தள்ளிப் போடு லா."

"நானும் உங்கள நம்பித்தான் இருக்கேன்."

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டீ கேட்டார்.

டீயை வைத்துவிட்டுப் புனிதா சொன்னாள், "இந்த மாசம் மலைக்கு நானும் வரேன்." தம்புசாமிக்கு ஒரே குஷி. குடும்பத்தோடு தொண்டு என்று படம் போடலாமே. அவள் ஏன் வருகிறாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. படத்தில் இருக்கும் அந்த மனுஷரை நேரில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

வேன் விடியற்காலையில் புறப்பட்டது. வழியெல்லாம் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறும் செல்ஃபியுமாகப் போய், கம்பத்தில் இறங்கியதும் முதல் வேலையாகப் பேனரைக் கட்டினார்கள். சங்கத்தின் செயலாளர் சுரேகா, செராஸில் டியூஷன் நடத்தும் பெண், கைபேசியும் கையுமாக நின்று நிகழ்ச்சியை அறிவித்தாள். நிகழ்ச்சியின் பெயர் 'அன்றாட வாழ்க்கை அனுபவம்'. ஆளுக்கு ஒரு வீடு. அந்த வீட்டுக்காரர்கள் செய்கிற வேலை அத்தனையையும் தொண்டர்கள் செய்ய வேண்டும். அப்போதுதான் எளிய மக்களின் பாடு நமக்குப் புரியுமாம்.

தம்புசாமிக்கும் புனிதாவுக்கும் கிடைத்தது இண்டாவின் வீடு. இண்டாவுக்கு நாற்பது வயதிருக்கும். வந்தவரைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக அவர் கையில் இரண்டு வாளியைக் கொடுத்தாள். அவர் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஆற்றுப் பக்கம் ஓடினார். ஆமாம், ஓடினார். கீழே கடையில் ரொட்டி வாங்கி வரச் சொன்னால் இடுப்பைப் பிடித்துக்கொள்கிற அதே மனுஷர்.

புனிதா சமையல்கட்டில் போய் உட்கார்ந்தாள். மூலையில் ஒரு கோணிச்சாக்கு எதையோ மூடியிருந்தது. ஓரத்தில் தண்ணீர் சொட்டியது. சாக்கைத் தூக்கிப் பார்த்தால், நல்ல பளபளவென்று ஒரு தண்ணீர்க் குழாய்.

"குழாய் இருக்கே," என்றாள் புனிதா மலாயில்.

"இருக்கு. ஆனா அதப் பாத்தா உங்க ஆளுங்க மொகம் சுருங்கிப்போகுது, அக்கா. பாவம், அவ்வளவு தூரத்துலேருந்து வராங்க," என்றாள் இண்டா, கண்ணாடி பார்த்து உதட்டுச்சாயம் பூசிக்கொண்டே. தோளில் கைப்பை ஏறியிருந்தது. வெளியே அவள் தம்பியின் லோரி நின்றது. பின்னால் கம்பத்துப் பெண்கள் அத்தனை பேரும் சிங்காரித்து ஏறியிருந்தார்கள். இவர்கள் வந்து அன்றாட வாழ்க்கையை அனுபவிக்கிற நாளில்தான் அவர்களுக்குப் பாசாருக்கு, அதுதான் சந்தைக்கு, போக ஓய்வு கிடைக்கிறதாம்.

போகிற போக்கில் இண்டா திரும்பி, மனதாரச் சொன்னாள். "உங்க வீட்டுக்காரர் தங்கமான மனுஷன். என் மாமியார் கால் ஒடஞ்சு கெடந்தப்போ, வந்தப்பல்லாம் அவர்தான் கஞ்சி காய்ச்சி ஊட்டிவிட்டார். கையப் புடிச்சு நடத்தினார். பெத்த புள்ளகூட அப்படிச் செய்யாது."

புனிதா அந்த இடத்திலேயே கல்லாய்ச் சமைந்துபோனாள். கஞ்சி காய்ச்சத் தெரியுமா அவருக்கு? முப்பது வருஷத்துக்கு மேலாக அவள் காய்ச்சலில் கிடந்தபோதெல்லாம், 'கடையில வாங்கிட்டு வரட்டா' என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனவர்தானே? அவளுக்கு முதலில் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. கோபம் கொஞ்ச நேரம் கழித்து, நிதானமாக வந்தது.

சாயங்காலம் தம்புசாமி ஆற்றங்கரையில் குந்தி உட்கார்ந்து, பாட்டை முணுமுணுத்தபடி சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். சுரேகா நாலாப்பக்கமும் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துவிட்டு நகர்ந்தாள். புனிதா கரையில் நின்று கேட்டாள்.

"இத நம்ம வீட்டுல செஞ்சா என்னங்க?"

"எத?"

"இந்தச் சட்டி கழுவுறத. கஞ்சி ஊட்டுறத. எனக்கு ஆபரேஷன் ஆனப்புறம்."

தம்புசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் பொறுமையாக விளக்கினார். "நீ புரியாமப் பேசுற, புனிதா. அது வீட்டு வேலை. இது சேவை."

லோரி திரும்பியிருந்தது. இண்டா பைகளை இறக்கிக்கொண்டிருந்தாள். புனிதா நொண்டி நொண்டிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். இண்டா கேட்டு முடித்துவிட்டு யோசித்தாள். வீட்டில் படி கிடையாது. மாமியாரின் கட்டில் காலியாகத்தான் இருக்கிறது. கிளினிக் மலையடிவாரத்தில், நர்ஸ் மோட்டார் சைக்கிளில் வந்துபோகிறாள்.

"வந்து இருங்க அக்கா. பெரிய முகாம்னா உங்க ஆளு ஆறு வாரமும் இங்கதான். எனக்கும் வெறகு சேரும்," என்றாள். நல்ல மனசோடு நல்ல கணக்கும் போடத் தெரிந்த பெண்.

பிரிக்ஃபீல்ட்ஸுக்குத் திரும்பிய அன்று தம்புசாமி விறுவிறுவென்று மாடி ஏறிப்போய் ஃபேனுக்கு அடியில் விழுந்தார். புனிதா படிக்குப் படி நின்று மேலே வந்து சேர்ந்ததும், "ஒரு டீ," என்றார். அவள் டீ போட்டு வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் வாயைப் பிளந்தார்.

"அங்கயா? வசதியே இல்லாத எடத்துலயா? ஜனங்க என்ன சொல்லுவாங்க?"

"நீங்க வேலை செய்ற எடம் அது ஒண்ணுதான்," என்றாள் புனிதா. "முட்டிக்கு அதுதான் வசதி."

டாக்டர் கேட்டது இரண்டே கேள்வி. படி இருக்கிறதா? இல்லை. பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா? இருக்கிறது, என் வீட்டுக்காரர். டாக்டர் தலையாட்டினார். மூட்டு ஆபரேஷன் ஆகி, ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் இண்டாவின் தம்பி தெரிந்தவரிடம் கார் இரவல் வாங்கி வந்து புனிதாவைப் பதமாக ஏற்றிக்கொண்டு போனான்.

மறுநாள் பெரிய முகாம் தொடங்கியது. கம்பத்தில் நோயாளி யார் யார் என்று பார்க்கப் போன சுரேகா, இண்டா வீட்டில் ஒருத்தி கட்டுப்போட்ட காலோடு படுத்திருக்கிறாள் என்றதும் தலைவரைக் கூப்பிட்டாள். வந்த தம்புசாமி வாசலிலேயே தயங்கினார். தொண்டர்கள் எல்லாரும் பின்னால் நின்றார்கள். கைபேசி உயர்ந்தது. இனி ஓட முடியாது. மனுஷர் அடுப்பில் கஞ்சி வைத்தார். காய்ச்சி, ஆற்றி, கிண்ணத்தில் ஊற்றி, கட்டிலோரம் மண்டியிட்டு உட்கார்ந்தார். கரண்டி அவள் வாய்க்குப் பக்கத்தில் வந்தது.

உப்பு பத்தவில்லை. ஆனாலும் புனிதா முழுசாக வாங்கிக்கொண்டாள். இவர் கையால் அவள் வாங்கிய முதல் வாய் இது. இதற்கு முட்டியை அறுத்துக்கொண்டு மலையேறி வர வேண்டியிருந்ததே என்று நினைத்தபோது சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

"சார், வெளிச்சம் சரியா விழல. இன்னொரு தடவ ஊட்டுங்க," என்றாள் சுரேகா.

தம்புசாமி மறுபடியும் கரண்டியை எடுத்தார். புனிதா விழுங்கிவிட்டுச் சொன்னாள், "கிண்ணம் காலியாகுற வரைக்கும் எடு சுரேகா. எனக்கு ரொம்பப் பசி."