இருபது மில்லி விநாடி

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து, சிங்கப்பூர் தேக்கா சந்தையில் கீரை வாங்கிக்கொண்டு சாலையைக் கடக்க நின்றபோதுதான் யாமினிக்கு அது உறைத்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் கம்பத்திலிருந்த பொத்தானை அமுக்கினார். விரல் நடுங்கி வழுக்கியது. மறுபடி அமுக்கினார். மூன்றாவது முறைதான் விளக்கு எரிந்தது. பச்சை விழுந்ததும் அவர் போய்விட்டார். இவள் கடக்காமல் அங்கேயே நின்றாள்.

ஊபியில் அவள் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி, தனியாக வாழும் முதியவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அழைப்புப் பொத்தானைச் செய்கிறது. விழுந்தால் அமுக்க வேண்டும். சின்ன விளக்கு எரியும், உதவிக் குழுவுக்குத் தகவல் போகும். உள்ளே உளுந்து மணி அளவுக்கு ஒரு சிப். அதற்கான நிரலை முதலாளி ஒலி முகம்மது பத்து வருடங்களுக்கு முன் அசெம்பிளி என்ற சிப்பின் சொந்த மொழியில், ஒவ்வொரு கட்டளையாகத் தன் கையாலேயே எழுதியிருந்தார். அவரைத் தவிர யாருக்கும் அது விளங்காது. "நாளைக்கு நீங்க லீவுன்னா இதை யாரு சார் தொடுவா? சி மொழியில எழுதிடலாம், மத்ததைக் கம்பைலர் பாத்துக்கும்" என்று மீட்டிங்கில் வாய் கிழியப் பேசியவள் இவள்தான். அவரும் அரைமனதாகத் தலையாட்டினார். மூன்றே வாரத்தில் எழுதியும் முடித்தாள். ஆனால் எழுதியது சிப்புக்குள் கொள்ளவில்லை. சி-யில் எழுதியதைச் சிப்பின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரின் அமைப்பை, முடிந்தவரை சுருக்கித் தரும்படி மாற்றினாள், கச்சிதமாக அடங்கிவிட்டது. அன்றைக்கு ஆபீசில் எல்லோருக்கும் கறிபஃப் வாங்கிக் கொடுத்தாள்.

இப்போது சந்தைக்குத் திரும்பி, சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே ஒரு மேசையைத் துடைத்து லேப்டாப்பைத் திறந்தாள். எந்தப் பொத்தானும் அமுக்கியவுடன் அடங்குவதில்லை, உள்ளே உலோகம் கொஞ்சம் துடிக்கும். அதனால் இருபது மில்லி விநாடி பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் அமுங்கியிருந்தால் நிஜ அழைப்பு, இல்லாவிட்டால் ஏதோ உரசல் என்று விட்டுவிடலாம். அந்தப் பொறுத்தலுக்காக, சும்மா எண்ணிக்கொண்டிருக்கும்படி ஒரு சுற்று எழுதியிருந்தாள். ஒலி முகம்மதுவும் அப்படித்தான் எழுதியிருந்தார். ஆனால் அசெம்பிளியில் எழுதியது எழுதியபடியே ஓடும். சுருக்கச் சொன்ன கம்பைலரோ, இந்த எண்ணிக்கையால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை என்று தூக்கிப் போட்டிருக்கும். அது உருவாக்கிய கட்டளைப் பட்டியலை வரி வரியாகப் படித்தாள். சுற்று அங்கே இல்லை. மூன்று தடவை பார்த்தும் இல்லை.

பொறுக்காமல் உடனே பார்த்தால், நடுங்கும் விரலின் அழைப்பையும் உரசல் என்று தள்ளிவிடும்; அழுத்தி அமுக்கினால்தான் தப்பிக்கும். இருநூறு முறை சோதித்தது யார்? இருபத்தொன்பது வயது யாமினியின் கட்டைவிரல். போன வாரம் சோதனைக்காக நாற்பது பேருக்குக் கொடுத்தாகிவிட்டது. அதில் ஒன்றை செங்காங்கில் தான் குடியிருக்கும் மாடியிலேயே, மூன்றாவது வீட்டில் தனியாக இருக்கும் கமலா ஆன்ட்டியின் கழுத்தில் அவளே மாட்டிவிட்டிருந்தாள்.

ரயிலில் ஏறுவதற்குள் நான்கு முறை கூப்பிட்டாள். ஆன்ட்டி எடுக்கவில்லை. ஒலி முகம்மதுவிடம் உடனே சொல்லியாக வேண்டும். அவர் பெயர் வரைக்கும் போன விரல் திரும்பி வந்தது. இங்கே தங்கி வேலை பார்ப்பதற்கான பாஸை அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும், முதலாளியான அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் ஆன்ட்டியைப் பார்த்துவிடுவோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது சாக்கு என்பதும் தெரிந்தேதான் இருந்தது. தெரிந்ததால் இன்னும் பயமாக இருந்தது.

கதவைத் தட்டியதும் கமலா ஆன்ட்டியே வந்து திறந்தார். "ஏன் ஆன்ட்டி போனை எடுக்கல?" என்றாள் யாமினி.

"போனா? சார்ஜ்ல போட்டு ரூம்லயே விட்டுட்டேன் லா. ஏன் இப்படி வேர்த்துப்போய் நிக்கிற?"

"ஆன்ட்டி, கழுத்துல இருக்கிற பொத்தானை ஒரு தடவை அமுக்குங்க."

எழுபத்தாறு வயதுக் கட்டைவிரல் பொத்தானைத் தேடிப்போய் நடுங்கியபடி அமுக்கியது. விளக்கு எரியவில்லை. இன்னொரு முறை, அப்போதும் இல்லை. ஆன்ட்டியின் முகத்தில் வியப்பே இல்லை. 

"விடு. நேத்தும் இப்படித்தான்."

"நேத்து எதுக்கு அமுக்குனீங்க?"

"டாய்லெட்ல வழுக்கிட்டேன். ரொம்ப நேரம் அமுக்கிப் பாத்தேன். அப்புறம் நானே வாஷ்பேசினைப் பிடிச்சு எழுந்துட்டேன்."

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி. கார்டுல நம்பர் இருக்கே."

ஆன்ட்டி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "சொன்னா யாரு செஞ்சதுன்னு கேப்பாங்க. பாஸ் புதுசு பண்ணணும்னு நீதானே சொன்னே. எனக்குத்தான் ஒழுங்கா அமுக்கத் தெரியலன்னு இருந்துட்டேன்."

யாமினி செருப்பு அலமாரி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தாள். இன்னும் முப்பத்தொன்பது பேர். அதில் எத்தனை பேர் தங்கள் விரலைத்தான் நொந்துகொண்டிருப்பார்களோ. இப்போது விரல் தயங்கவில்லை, போனை எடுத்து ஒலி முகம்மதுவின் பெயரை அமுக்கினாள்.

"திங்கக்கிழமை சொல்லிக்கலாம்மா," என்று ஆன்ட்டி குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் ரவிக்கைக் கை மேலேறியது. முழங்கையிலிருந்து மேலே கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது. தைலத்தின் நெடி அடித்தது.

"சொல்லுங்க யாமினி," என்றார் ஒலி முகம்மது போனில்.

ஆன்ட்டியின் பிடி இன்னும் இறுகியது. யாமினி அந்தக் கையை விலக்கவில்லை.

"சார்," என்றாள்.