பித்தான் வைத்த காற்றாடி

என் மனைவி வேலை பார்த்த சட்டைக் கம்பெனியில் பெண்களுக்கெல்லாம் ஒரே மாதிரி நீலச் சைக்கிள் கொடுத்தார்கள். கொடுத்த வாரத்திலேயே இவள் வேறு யாருடைய வண்டியையோ மிதித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். காட்டுக் கத்தல் கத்தினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவளுக்கு அது பழகிப்போன விஷயம்.

மறுநாள் சட்டைக் காலருக்குள் வைக்கிற பிளாஸ்டிக் துண்டைக் காற்றாடியாக வெட்டி, நகப்பூச்சால் சிவப்படித்து, நடுவில் ஒரு பித்தானை வைத்துக் குண்டூசி குத்தி, ஹேண்டில்பாரில் கம்பியால் கட்டினாள்.

"நீ என்ன சின்னப் பாப்பாவா? பாக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். என் வண்டி எதுன்னு எனக்குத் தெரியுதுல்ல, அது போதும்."

யாரும் சிரிக்கவில்லை. "எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடுங்கக்கா" என்று ஆளாளுக்கு வந்து நின்றார்கள். இல்லை என்று சொல்ல இவளுக்கு வாய் வராது. கொஞ்ச நாளில் கம்பெனி சைக்கிள் ஷெட் முழுக்கச் சிவப்புக் காற்றாடி.

"இப்ப உங்க வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பீங்க மகாராணி?"

"நான் ஏன் தேடணும்? இஸ்திரிப் பெட்டியெல்லாம் அணைச்சுட்டுக் கடைசியா வர்றவ நான்தானே. எல்லாரும் போனப்புறம் நிக்கிறது என்னுது."

அந்த இஸ்திரி மேசைக்குப் பக்கத்திலேயே ஒருநாள் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் கண் திறக்கவே இல்லை. அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சைக்கிள் ஷெட்டிலேயே நின்றுவிட்டது. காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு அதை எடுத்துவரப் போனேன்.

கேட்டுக்குள் நிற்பதால் அங்கே யாரும் வண்டியைப் பூட்டுவதில்லை. எல்லாம் நீலம், எல்லாவற்றிலும் காற்றாடி. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல நின்றேன். வீட்டு வாசலில் தினமும் அந்தச் சைக்கிளில் இடித்துக்கொண்டு திட்டியிருக்கிறேன். ஒருநாளாவது அதை நின்று பார்த்திருந்தால்தானே அடையாளம் தெரியும்?

"எல்லாம் ஒண்ணுதாங்க. ஏதாவது ஒண்ணை எடுத்துட்டுப் போங்க, அப்புறம் மாத்திக்கலாம்" என்றார் வாட்ச்மேன்.

"ஏதாவது ஒண்ணை எடுக்க நான் என்ன திருடவா வந்தேன்?"

பாவம், அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்கு அவள் கை பிடித்த வண்டி வேண்டும், வேறு எதுவும் வேண்டாம்.

வேலை முடிகிற சங்கு ஊதியது. சலசலவென்று பேசிக்கொண்டு வந்த பெண்கள் என்னைப் பார்த்ததும் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். ஒருத்தி கையை நீட்டி, "அண்ணே, அக்கா வண்டி..." என்று தொடங்கினாள்.

"காட்டாதம்மா. நீங்க எல்லாரும் உங்க வண்டியை எடுங்க. அவ சொன்ன மாதிரியே பாத்துக்கறேன்."

ஒவ்வொரு வண்டியாகப் போனது. ஷெட் காலியாகிக்கொண்டே வந்தது. இரண்டே வண்டிகள் மிஞ்சியிருந்தபோது ஒரு பெண் அவசர அவசரமாக வந்தாள்.

"இப்ப நான்தாண்ணே பெட்டியெல்லாம் அணைக்கிறேன்" என்று ஏதோ தப்புச் செய்தவள்போலச் சொல்லிவிட்டு, தன் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஓரத்தில் ஒன்று நின்றது. அதை எடுக்க இனி யாரும் வரப்போவதில்லை. அது அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. சீட்டில் கையை வைத்துக்கொண்டு அழுதேன்.

வாட்ச்மேன் கிட்டே வந்தார். "சீட்டைக் கொஞ்சம் ஏத்திக்கங்க. உங்க உயரத்துக்கு மிதிக்க முடியாது."

நான் குழாய் ரிப்பேர் பார்க்கிறவன். ஸ்பானர் என் பையிலேயே இருந்தது. எடுக்கவில்லை. தள்ளிக்கொண்டு போனால் காற்றாடி சுற்றாது என்று ஏறி உட்கார்ந்தேன். முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்க இடிக்க மிதித்தேன். காற்றாடி சுற்ற ஆரம்பித்தது. அழுதுகொண்டே குட்டிச் சைக்கிள் ஓட்டிப் போகிற பெரிய ஆளைப் பார்த்துத் தெருவில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

சிரித்தால் சிரிக்கட்டும்.