எல்லாமே ஒரிஜினல்

மலையாண்டியைப் போல ஒரு கூறுகெட்ட மனுஷனை நான் திருமயத்தில் பார்த்ததில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். கூறுகெட்டவர்களுக்குப் பஞ்சமில்லாத இடம்தான். இருந்தாலும் இவன் தனி ரகம்.

குவைத்தில் இருக்கும் அண்ணன் உதயசூரியனின் காரை இவன் வாடகைக்கு ஓட்டினான். மாதாமாதம் அண்ணி கையில் ஒரு தொகை கொடுத்துவிட வேண்டும். டீசல், ரிப்பேர் எல்லாம் இவன் தலையில். மிஞ்சியதில்தான் வீட்டில் அடுப்பெரியும். "ஒரிஜினல் பார்ட்ஸ் மட்டுந்தான் போடணும். என்னைக்கிருந்தாலும் வண்டி ஒனக்குத்தானடா" என்று அண்ணன் வீடியோ காலில் சொன்னதை என் கடையில் நின்றுதான் கேட்டான். அன்றைக்குப் பிடித்தது சனி.

"அருணாக்கா, பிரேக் பேட்" என்று கேட்டு வருவான். கார் கம்பெனி முத்திரை போட்டது ஒன்று, வேறு பிராண்டு ஒன்று, இரண்டையும் எடுத்து வைப்பேன். இது டூப்ளிகேட் இல்லை, இன்னொரு நல்ல கம்பெனி செய்வது, பாதி விலைதான், என் வண்டிக்கே இதைத்தான் போட்டிருக்கிறேன் என்று தொண்டை வற்றச் சொல்வேன். நாளைக்கு என் வண்டி ஆகப்போகிறதே, அதற்குப் போய் இதையா போடுவது என்பான். போன தீபாவளிக்கு அவன் பெண்சாதி பொன்னுத்தாய் பழைய சேலைதான் கட்டினாள். வண்டிக்குப் புது கிளட்ச் பிளேட் வந்தது. காலி அட்டைப்பெட்டிகளைக்கூடத் தூக்கிப் போடாமல் ஒரு சாக்கில் கட்டி டிக்கியிலேயே வைத்திருந்தான்.

போன மாதம் உதயசூரியன் லீவில் வந்தான். வந்த சூட்டோடு வண்டியை விற்க ஆள் பிடித்துவிட்டான். அன்னவாசல்காரர், ஜெபக்குமார் என்று பெயர். ஒரிஜினல் பார்ட்ஸ் போட்ட வண்டி என்றால்தான் வாங்குவேன், கடையிலேயே விசாரித்துவிடலாம் என்று அவர் பிடிவாதம் பிடிக்க, மூன்று பேரும் என் கடை வாசலில் வந்து இறங்கினார்கள். வண்டி கைமாறப்போவது மலையாண்டிக்கே வரும் வழியில்தான் தெரிந்திருக்கிறது. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

ஒரே ஒரு பொய் சொன்னால் போதும், வண்டி இவனிடமே நின்றுவிடும். கண் சிமிட்டாமல் சொன்னேன்.

"ஒரிஜினலா? ஒன்னுகூடக் கெடையாதுங்க. எல்லாம் வேற பிராண்டு."

ஜெபக்குமார் சாவியை உதயசூரியனிடம் நீட்டினார். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. உதயசூரியன் தம்பியைத் திருட்டுப்பயலே என்று ஆரம்பித்து, பொன்னுத்தாயையும் இழுத்து, சொல்லக் கூடாததெல்லாம் சொன்னான். டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸும் கையுமாக வேடிக்கை பார்த்தார்கள். வாயைத் திறக்காதே என்று மலையாண்டியைக் கண்ணாலேயே கெஞ்சினேன். அந்தப் பாவி டிக்கியைத் திறந்து சாக்கை இழுத்து நடுரோட்டில் கொட்டினான்.

"அருணாக்கா பொய் சொல்லுது. எல்லாமே ஒரிஜினல். நான் திருடன் இல்லண்ணே."

ஜெபக்குமார் குனிந்து பெட்டிகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். வாயெல்லாம் பல்லாகிவிட்டது அவருக்கு. அங்கேயே அட்வான்ஸ் கைமாறியது. அண்ணன் இப்போதாவது ஒரு நல்ல வார்த்தை சொல்வான் என்று மலையாண்டி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணனும் சொன்னான்.

"இம்புட்டு ஒரிஜினல் வாங்க ஒனக்கு ஏதுடா காசு? என் வாடகையில எவ்வளவு அமுக்குன?"

நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு பேரும் காரில் ஏறிவிட்டார்கள். ஜெபக்குமார்தான் ஓட்டினார். மலையாண்டியை ஏறச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. முனை திரும்பும்போது ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தது. வண்டி சத்தமே இல்லாமல், அந்த இடத்திலேயே நின்றது.

"பிரேக்கு எப்புடிப் பிடிக்குது பாத்தீங்களாக்கா" என்றான் மலையாண்டி.

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. பளாரென்று ஒன்று விடலாம் போல எனக்கு வந்தது. ஊருக்குப் போகப் பஸ்ஸுக்குக் காசு இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினான்.